கூடத்துக்குள் ஒரு ஜங்ஷன்

உங்கள் வீட்டில் கொலு வைப்பதுண்டா? அப்படியானால் படிகளுக்குக் கீழே ‘பார்க்’ போடுவதும் இருக்குமே! மணலைச் சலித்துக் கொட்டி, கேழ்வரகையும் கடுகையும் முளைக்க வைத்து வயலாக்கி, பழைய முகக்கண்ணாடியைக் குளமாக்கி, அதைச் சுற்றி ஒரு சாவி ரயிலை ஓடவிடுவோம். இரண்டு சுற்றுச் சுற்றியதும் அது மணலில் சாய்ந்துவிடும். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் மணல் சலிப்பது என் வேலை; ரயிலின் சாவியோ என் அண்ணன் சட்டைப்பையில்! இருபத்தைந்து வருஷமாகியும் எனக்கு அந்தக் குறை தீரவில்லை.

போன மாதம் விழுப்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்படி ஏறும்போதே, “பார்த்து வாடி, திண்டிவனம் ஸ்டேஷனில் இடித்துக்கொள்ளப் போகிறாய்!” என்று அக்கா எச்சரித்தாள். உள்ளே போனால், கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பலகை. அதன்மேல் தண்டவாளம், பிளாட்பாரம், பனைமரம், சிக்னல் எல்லாம் இருந்தன. “துணி மடிக்க இடமில்லை, ஊரையே கொண்டுவந்து வைத்திருக்கிறார்!” என்றாள் அக்கா.

ஊரைக் கொண்டுவந்தவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். அவருடைய அப்பா விழுப்புரத்தில் ரயில்வே ஊழியராக இருந்தவர். அந்தக் காலத்து விழுப்புரம் மீட்டர் பாதை ஜங்ஷன். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. 1960-களில் மின்சாரக் கம்பி விழுப்புரம் வரை நீண்டு, அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே போகும் வண்டிகளுக்கு இங்கே மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு நீராவி எஞ்சினோ டீசல் எஞ்சினோ மாட்டுவார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாமா அதை எத்தனையோ நாள் வேடிக்கை பார்த்திருக்கிறார். பிறகு பாதைகள் அகலமாயின. சென்னையில் கடைசி மீட்டர் பாதை மின்சார ரயிலும் 2004-ல் நின்றது. அந்தப் பழைய ஜங்ஷனை இனிப் பார்க்கவேண்டுமானால் நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று மாமா தீர்மானித்துவிட்டார்.

இது மாமா ஒருவருடைய பித்து என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் மெர்க்லின் கம்பெனியார் 1891-லேயே தண்டவாளத்தோடு கூடிய விளையாட்டு ரயிலை லைப்ஸிக் சந்தையில் காட்டினார்கள். ஹாம்பர்க் நகரத்தில் 2001-ல் இரண்டு சகோதரர்கள் ஆரம்பித்த குட்டி ரயில் உலகத்தைப் பார்க்க வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் புனே நகரத்திலேயே ஜோஷி என்பவர் அமைத்த குட்டி ரயில் காட்சிசாலை 1998 முதல் இருக்கிறது.

இதில் கணக்கும் உண்டு. கோலத்தில் புள்ளிகளை நெருக்கமாக வைத்தால் கோலம் சிறிதாகும். ஆனால் உருவம் மாறாது அல்லவா? அதே சங்கதிதான். உலகத்தில் மிகவும் பிரபலமான அளவு, அசலில் 87-ல் ஒரு பங்கு. அந்த அளவில் மீட்டர் பாதையின் அகலம் பன்னிரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் ஊர் மீட்டர் பாதை எஞ்சின் பொம்மை மாமாவுக்குக் கிடைக்கவில்லை. சுவிட்ஸர்லாந்தின் மலை ரயில்கள் சிலவும் மீட்டர் பாதையில்தான் ஓடுகின்றன. அந்த ரயிலின் பொம்மையைப் பழைய சாமானாக வாங்கி, வர்ணத்தை மாற்றிவிட்டார். ஒரு பெட்டி ஏறக்குறைய ஒரு சாண் நீளம். விலை என்ன என்று அக்காவிடம் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறாராம்!

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ரயிலில் சுமார் 37 கிலோமீட்டர். 87-ல் ஒரு பங்கு என்றாலும் 425 மீட்டர் ஆகிறது. கூடத்தில் அதற்கு எங்கே போவது? ஆகவே இரண்டு ஸ்டேஷன்களையும் வைத்துக்கொண்டு, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் நான்கையும் ஒரு பனந்தோப்புக்குள் அடக்கிவிட்டார்கள். 

அந்தப் பனந்தோப்பு அக்காவின் பெண் செய்தது. பன்னிரண்டு வயது. துடைப்பக்குச்சியில் பழுப்புக் காகிதம் சுற்றி, உச்சியில் பச்சைக் காகிதத்தை விசிறிபோல் கத்தரித்து ஒட்டியிருக்கிறாள். செங்கல் தூளைச் சலித்துச் செம்மண்ணாகத் தூவியிருக்கிறாள். முதலில் மைதாப் பசையால் ஒட்டினாளாம். ஒரே ராத்திரியில் கரப்பான் பூச்சிகள் திண்டிவனத்தைத் தின்றுவிட்டன! பிறகு தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசைக்கு மாறினாள்.

இத்தனையும் செய்தவள் ஸ்விட்சைத் தொடக்கூடாதாம். அது எட்டு வயதுத் தம்பியின் கையில் இருந்தது. “மரம் மட்டை செய்வது உன் வேலை, வண்டி ஓட்டுவது அவன் வேலை” என்று மாமாவே பிரித்துக் கொடுத்துவிட்டாராம். எனக்கு அண்ணனின் சட்டைப்பை ஞாபகம் வந்தது.

நான் போன நாளில் ரயில் ஓடவில்லை. வண்டி திண்டிவனம் போய், வளைந்து திரும்பி, விழுப்புரத்தைப் பார்த்து வரவேண்டும் என்பது மாமாவின் ஆசை. அதற்காகத் திண்டிவனத்துக்கு அப்பால் தண்டவாளத்தைக் கொண்டை ஊசிபோல் வளைத்து, வந்த பாதையிலேயே சேர்த்திருந்தார். சேர்த்ததிலிருந்து மின்சாரம் பாய்வதில்லை. ஸ்விட்சைப் போட்டால் பெட்டி ‘உம்ம்’ என்று உறுமிவிட்டு அணைந்துவிடும். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போயிற்று. “போதும். எல்லாவற்றையும் கட்டி யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்” என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. துணி மடிக்க இடம் கேட்ட அக்காகூட வாய் திறக்கவில்லை.

பெண் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். “சித்தி, எனக்குக் காரணம் தெரியும்னு நினைக்கிறேன். சொன்னா அப்பா கேட்பாரா?”

“எங்கே, என்னிடம் முதலில் காட்டு!”

இரண்டு தண்டவாளங்களில் ஒன்று மின்சாரம் போகும் வழி, மற்றது திரும்பும் வழி. இரண்டும் எங்கேயும் தொடக்கூடாது. அவள் ஒன்றின்மேல் சிவப்பு நூலும் மற்றதன்மேல் வெள்ளை நூலும் வைத்துக்கொண்டே போனாள். வளைவைச் சுற்றிப் பழைய பாதைக்கு வந்தபோது, சிவப்பு நூல் நேரே வெள்ளை நூலில் போய் முட்டியது! எத்தனை எளிது, பார்த்தீர்களா? மாமா நூல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

பரிகாரமும் இருக்கிறது. வளைவின் இரண்டு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் துண்டித்து, இடையில் பிளாஸ்டிக் இணைப்பு வைக்கவேண்டும். வளைவுக்குத் தனி ஸ்விட்ச் வேண்டும். வண்டி வளைவுக்குள் இருக்கும்போதே வெளிப் பாதையின் மின்சாரத்தைத் திசை மாற்றிவிட்டால், அது தடையில்லாமல் வெளியே வரும். வளைவு ரயிலைவிட நீளமாக இருக்கவேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஸ்விட்சை மாற்றும் நேரத்தைத் தவறவிட்டால் பழையபடி ‘உம்ம்’தான். இதற்குப் பொறுமை வேண்டும். தம்பிக்கு அது போதாது. இரண்டு தடவை அணைந்தபின், “அக்காவே பண்ணட்டும்” என்று அவனே எழுந்து இடம் கொடுத்துவிட்டான்.

அன்று இரவு எட்டரை மணிக்கு வண்டி திண்டிவனம் போய்த் திரும்பி விழுப்புரம் வந்து சேர்ந்தது. மாமா பிளாட்பாரத்தைப் பார்த்தபடி, “அப்பா இருந்திருந்தால்…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஆசை இருந்தால் சில யோசனைகள்: முதலில் ஒரு வட்டமும் ஒரு கிளைப் பாதையும் போதும். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் நேரே கொடுக்காதீர்கள். இந்த ரயில்களுக்கு 12 வோல்ட் போதும். அதற்கென்றே விற்கும் பெட்டி மூலமாகத்தான் கொடுக்கவேண்டும். சமையலறைக்குப் பக்கத்தில் பலகையைப் போடாதீர்கள். தாளிக்கும் புகையிலுள்ள எண்ணெய் தண்டவாளத்தில் படிந்துவிட்டால் ரயில் விக்கி விக்கி ஓடும். வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

இந்த நவராத்திரிக்குக் கொலுப்படிக்குப் பக்கத்திலேயே ஜங்ஷனையும் வைக்கப் போகிறார்களாம். துணியை மாடியில் மடித்துக்கொள்கிறேன் என்று அக்கா ஒப்புக்கொண்டுவிட்டாள். சுண்டலுக்கு என்னையும் அழைத்திருக்கிறாள். உங்கள் வீட்டுப் பார்க்கில் இந்த வருஷம் மணல் சலிப்பது யார், ரயில் ஓட்டுவது யார்? முதல் நாளே கொஞ்சம் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்!