ஐந்து நிமிடத்தில் எண்ணிய குரங்குகள்

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிமுதல் எட்டு ஐந்து வரை, தத்தம் வளவுகளிலும் தோட்டங்களிலும் காணப்படும் குரங்கு, மயில், மர அணில் முதலியவற்றை எண்ணித் தருமாறு இலங்கை அரசாங்கம் மக்களைக் கேட்டது. கொழும்பில் இதைக் கேலி செய்தவர்கள் பலர். ஆனால் வன்னியிலோ குருணாகலிலோ பத்துத் தென்னையை நம்பியிருப்பவருக்கு இது நகைப்புக்குரிய விடயமன்று.

செங்குரங்கு குரும்பட்டியைப் பிடுங்கும்; ஒரு கடி கடித்துவிட்டு எறியும்; அடுத்ததைப் பிடுங்கும். உண்பதைவிட உதிர்ப்பதே அதிகம். மர அணில் இளநீரைத் துளைத்துவிடும். விதைத்த கச்சானை மயில் கிளறும். முருகனின் வாகனம் என்பதால் அதன்மீது கல்லெறியவும் பலருக்குக் கை எழுவதில்லை. வளவுக்குள் பாம்போ உடும்போ வந்தால் தன் பாட்டில் போய்விடும். குரங்குக் கூட்டம் மறுநாளும் வரும். வெடி கொளுத்தினால் சில நாட்களுக்கு ஓடும். பிறகு அச்சத்தத்துக்கும் பழகிவிடும். நாய் மரமேறாது என்பதையும் அது நன்கறியும்.

கணக்கெடுப்பின் முடிவாகச் செங்குரங்குகள் 50 இலட்சத்துக்கு மேல் என்றும் மயில்கள் 40 இலட்சத்துக்கு மேல் என்றும் அறிவிக்கப்பட்டது. இந்த எண்களை நான் நம்பவில்லை. வேலிக்கு வேலி தாவும் ஒரே கூட்டத்தை மூன்று வீட்டார் எண்ணியிருந்தால் அது மூன்று கூட்டமாகிவிடும். பொலனறுவையில் வொல்ஃப்காங் டிட்டஸ் 1968இல் தொடங்கிய ஆய்வில், ஒவ்வொரு குரங்கும் தனித்தனியே அடையாளங் காணப்பட்டே கணக்கில் சேர்க்கப்பட்டது. அத்தகைய வேலைக்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

செங்குரங்கு உலகில் வேறெங்கும் இல்லாதது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது அருகிவரும் இனம். கமக்காரருக்கோ அது பெருகிவரும் பிராணி. இரண்டும் உண்மையாக இருக்கலாம். காடு குறையக் குறைய, எஞ்சிய கூட்டங்கள் சோற்றுக் குப்பையும் பழமரமும் உள்ள இடங்களைத் தேடி வந்து சேருகின்றன. புனித தலங்களில் யாத்திரிகர்களும் சுற்றுலாப் பயணிகளும் கடலையும் வாழைப்பழமும் நீட்டி அவற்றுக்கு மனிதரைப் பற்றிய அச்சத்தைப் போக்கிவிட்டார்கள். இந்நிலையில் 2023இல் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்தது. சூழலியலாளர்கள் நீதிமன்றம் சென்றதன்பின் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது நல்லதே. ஆயினும் அதனால் ஒரு குரும்பட்டிகூட மரத்தில் மிஞ்சவில்லை.

யானை வயலில் இறங்கினால் அது முதற்பக்கச் செய்தி. குரங்கு தென்னையில் ஏறினால் எங்கள் ஆசிரியபீடங்களில் எவரும் தலைநிமிர்த்திப் பார்ப்பதில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டு, பாணந்துறை மின் உபநிலையத்தில் புகுந்த குரங்கே காரணம் என்று அமைச்சர் சொன்னபோதுதான் அது உலகச் செய்தியாயிற்று.

இன்னொரு முறை எண்ணுவதாயின், கிராம சேவையாளர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, எத்தனை குரங்கு என்று கேட்குமுன் எத்தனை தேங்காய் போயிற்று என்று கேட்கட்டும். வீட்டுக்காரரிடம் அதற்குத் துல்லியமான கணக்கு இருக்கும்.