சாவி யார் கையில்?

வீட்டுக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு ஒரு சாவி. அந்தச் சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். தொலைந்து போனால் பூட்டையே மாற்றிவிடுவார்.

கம்ப்யூட்டரில் எழுதி வைத்த கணக்குக்கும் இப்படி ஒரு சாவி உண்டு. அது இப்பொழுது யார் யார் கையில் இருக்கிறது? கேட்டுப் பாருங்கள். நன்றாகப் படித்தவர்கள்கூட விழிப்பார்கள். விழிப்பது அவர்கள் குற்றம் அல்ல. அந்தத் திரையை அமைத்தவர்களின் குற்றம்.

கல்யாணக் கணக்கு

ஒரே பைலைப் பலர் சேர்ந்து எழுதும் வசதி இன்று சாதாரணமாகிவிட்டது. 2006-ம் ஆண்டில் வந்த "கூகுள் டாக்ஸ்" அதில் பெயர் பெற்றது. தங்கையின் கல்யாணச் செலவை அண்ணன் ஓர் ஊரில் இருந்து எழுதுகிறார். அப்பா வேறு ஊரில் இருந்தபடியே அதைத் திருத்துகிறார். அருமையான வசதிதான்!

இதில் மூன்று வகை அனுமதி உண்டு. சிலர் பார்க்க மட்டும் செய்யலாம். சிலர் பார்த்துவிட்டு ஓரத்தில் கருத்து எழுதலாம். சிலர் உள்ளே புகுந்து திருத்தலாம். இதுவரை தகராறு இல்லை.

தகராறு அடுத்த கேள்வியில் இருக்கிறது. பெயர் சொன்னவர்களுக்கு மட்டும் பைல் திறக்க வேண்டுமா? அல்லது "லிங்க் உள்ள எவருக்கும்" திறக்க வேண்டுமா? லிங்க் என்பது அந்தப் பைலின் விலாசம். 20 உறவினர்களின் இ-மெயில் விலாசத்தை யார் உட்கார்ந்து அடிப்பது? அண்ணன் இரண்டாவதைத் தட்டிவிடுகிறார். லிங்க் மாமாவுக்குப் போகிறது. மாமாவிடம் இருந்து சமையல்காரருக்குப் போகிறது. விலை பேச வந்த சமையல்காரர் சிரிக்கிறார். "சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று பார்த்தேனே!" என்கிறார்.

"எவருக்கும்" என்றால் உலகத்தில் உள்ள எவருக்கும் என்று அர்த்தம். அண்ணனோ, "நான் அனுப்பியவர்களுக்கு" என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் அந்த வரி அமைந்திருக்கிறது.

சமையல்காரர் கதை சிரிப்புக்கு உரியது. எல்லாக் கதையும் அப்படி அல்ல. 2018-ம் ஆண்டு ஜூலை மாதம், ரஷ்யாவின் "யாண்டெக்ஸ்" தேடல் பக்கத்தில் பிறருடைய கூகுள் டாக்ஸ் பைல்கள் வந்து நின்றன. சிலவற்றில் பாஸ்வேர்டுகள்கூட இருந்தன. சொந்தக்காரர்களே திறந்து வைத்த பைல்கள்தான் அவை என்று பதில் வந்தது. சரியான பதில்தான். ஆனால், தெருவில் போகிறவர் படிக்கட்டும் என்று யாராவது தம் பாஸ்வேர்டை எழுதித் திறந்து வைப்பார்களா?

12 பேரில் 2 பேர்

இந்த எச்சரிக்கை அதற்கு வெகு காலம் முன்பே கிடைத்துவிட்டது. "கஸா" என்று ஒரு ஏற்பாடு இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் பாட்டுகளையும் படங்களையும் ஒருவர் கம்ப்யூட்டரில் இருந்து மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். நேதன் குட், ஆரன் கிரெக்கல்பெர்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்தார்கள். 12 பேரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். "இதிலிருந்து எந்தெந்தப் பைல்கள் வெளியே போகின்றன?" என்று கேட்டார்கள்.

சரியாகச் சொன்னவர்கள் 2 பேர்தான்! 2003-ல் இந்த முடிவு வெளிவந்தது.

காரணம் என்ன? "வாங்கும் பாட்டை எங்கே வைக்க?" என்று கஸா கேட்கும். ஓர் அலமாரியைக் காட்டினால் போதும். அந்த அலமாரியும், அதற்குள் இருக்கும் எல்லா அறைகளும் ஊருக்குத் திறந்துவிடும். பாட்டுக்கு இடம் காட்டியவர், தம் கடிதங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார். முன்பின் தெரியாதவர்களின் இ-மெயில் பெட்டிகள் அப்படித்தான் ஆராய்ச்சியாளர்களின் கண்ணில் பட்டன.

10 பேர் தவறினார்கள் என்றால் 10 பேரும் முட்டாள்களா?

சக்கரத்துக்குப் பின்னால்

கூகுள் டாக்ஸில் இன்னொரு சங்கதி. திருத்த அனுமதி பெற்றவர் தாமாகவே வேறு ஆட்களையும் சேர்க்கலாம். அதாவது, சாவி வாங்கியவர் கள்ளச்சாவியும் செய்துகொள்ளலாம்! இது வேண்டாம் என்று தடுக்க வழி உண்டு. ஆனால் அந்த வழி ஒரு சின்னப் பல்சக்கரப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு யார் சொல்வது? முன்வாசலில் எழுத வேண்டியதைக் கொல்லைப்புறத்தில் எழுதியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் முன்னால் வைத்தால் ஜனங்கள் மிரள்வார்கள் என்று பொறியாளர்கள் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. அடிக்கொரு எச்சரிக்கை போட்டால், யாரும் படிக்காமல் "சரி, சரி" என்று தட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் மூன்று சின்ன வரிகளுக்கு யாரும் மிரள மாட்டார்கள். "இதை இப்பொழுது 6 பேர் பார்க்கலாம். 2 பேர் திருத்தலாம். வெளியார் யாரும் பார்க்க முடியாது." இவ்வளவுதான். பைலைத் திறந்ததும் தலைப்பிலேயே இது தெரிய வேண்டும்.

இது புது யோசனையும் அல்ல. 1975-லேயே ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற அமெரிக்க நிபுணர்கள் இரண்டு காரியங்களைச் சொன்னார்கள். எதுவும் செய்யாவிட்டால் கதவு மூடியே இருக்க வேண்டும். பூட்டு, சாதாரண மனிதர் தவறில்லாமல் உபயோகிக்கும்படி இருக்க வேண்டும். முதல் காரியத்தைக் கூகுள் செய்திருக்கிறது. புதுப் பைல் சொந்தக்காரருக்கு மட்டுமே திறக்கும். இரண்டாவதில்தான் பாக்கி.

கொடுத்த சாவியைத் திரும்ப வாங்குவதும் சுலபமாக வேண்டும். இந்தத் தேதியோடு அனுமதி தானே முடியட்டும் என்று குறிக்கும் வசதி கூகுளில் இருக்கிறது. ஆனால் அது எல்லாக் கணக்குக்கும் கிடைப்பதில்லை. கம்பெனியில் பைலைக் கவனிக்கத் தனி ஆள் இருப்பார். குடும்பத்தில் யார் இருக்கிறார்கள்? தேதி வசதி முதலில் தேவைப்படுவது அங்கேதான்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பந்தலைப் பிரித்தார்கள். வாடகைப் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்கள். லிங்க் மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது.