பட்டறை பதில்கள்: காயலான் கடை விசிறி மலை ஏறுமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் காய்கறித் தோட்டம். பழைய டீசல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறோம். கேரட், பீட்ரூட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவோம். திரும்பும்போது கோழி எரு மூட்டைகளோடு ஏறுவோம். இரண்டு மாதமாக ஏற்றத்தில் பாதி வழியிலேயே தண்ணீர் கொதித்து வெளியே தள்ளுகிறது. கீழே சமவெளியில் ஒன்றும் ஆவதில்லை. இன்ஜின் விசிறியைக் கழற்றிவிட்டு மாருதி 800 காரின் மோட்டார் விசிறியைப் போட்டால் சூடும் குறையும், டீசலும் மிச்சம் என்று பழக்கமான மெக்கானிக் சொன்னார். கோவை உக்கடத்தில் பிரித்த வண்டிக் கடையில் விசிறியையும் வாங்கிவிட்டேன். மாட்டலாமா? இந்த வண்டி படுத்துவிட்டால் வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது.
- ஒரு வாசகர், நீலகிரி மாவட்டம்

பதில்: மாட்டலாம். ஆனால் இன்ஜின் விசிறியைக் கழற்றாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அது ஒன்றுதான்.

காரணம் இது. மாருதி 800 இன்ஜின் 796 சிசி. உங்கள் ஜீப் 2,500 சிசிக்குப் பக்கத்தில் இருக்கும். ஏறக்குறைய மூன்று மடங்கு. எரிகிற டீசலின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியில் ஒரு பெரும் பங்கைத் தண்ணீர் சுமந்து வந்து ரேடியேட்டரில்தான் இறக்கிவைக்க வேண்டும். எரு மூட்டையோடு இரண்டாவது கியரில் ஏறும்போது வண்டி ஊர்ந்துதான் போகும். எதிர்க்காற்று கிடையாது. ஆனால் இன்ஜின் வேகமாகச் சுற்றும். அதோடு பெல்ட்டில் கட்டிய விசிறியும் வேகமாகச் சுற்றும். அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றுவது அந்த விசிறிதான். அதை எடுத்துவிட்டுச் சின்னக் காரின் விசிறியை மட்டும் நம்பினால், இப்போது பாதி வழியில் கொதிப்பது நாளை கால் வழியிலேயே கொதிக்கும். இரண்டு மூன்று தடவை அப்படிக் கொதித்தால் ஹெட் வளைந்து கேஸ்கெட் போகும். அதற்கு ஆகும் செலவில் இதுபோல் பல விசிறிகள் வாங்கலாம்.

டீசல் மிச்சம் என்று மெக்கானிக் சொன்னது முழுப் பொய் அல்ல. பெல்ட் விசிறி கொஞ்சம் சக்தியைத் தின்கிறது, உண்மைதான். சமவெளியில் ஓடும் காருக்கு அது பொருந்தும். நீண்ட ஏற்றத்தில் மோட்டார் விசிறியும் நிற்காமல் ஓடும். அதற்கான கரண்டையும் உங்கள் இன்ஜின்தான் ஆல்டர்னேட்டரைச் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன். இந்த ஜீப் இத்தனை வருடம் அதே விசிறியோடு அதே மலையை ஏறியதுதானே? இரண்டு மாதமாகத்தான் கொதிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுச் சாமான் மாட்டினால் நோய் உள்ளேயே இருக்கும்.

நான் முதலில் சந்தேகப்படுவது ரேடியேட்டர் மூடியை. அதில் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பரும் இருக்கின்றன. அவைதான் தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கின்றன. அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. ரப்பர் வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. சமவெளியில் அப்போதும் 100 டிகிரி வரை தாங்கும். கோத்தகிரி உயரத்தில், சுமார் 1,800 மீட்டரில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. மலையில் அரிசி வேகத் தாமதமாவது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த கதை, அதே கதைதான் இங்கும். மேலே போகப் போகக் கொதிநிலை இறங்குகிறது, ஏற்றத்தில் இன்ஜின் சூடு ஏறுகிறது, இரண்டும் வழியில் சந்தித்துக்கொள்கின்றன. மூடியை மாற்றுங்கள். பழைய மூடியில் அச்சிட்டிருக்கும் அதே அழுத்த எண்ணுள்ள மூடியையே வாங்குங்கள். கூடுதல் அழுத்தம் நல்லது என்று பெரிய எண் வாங்கினால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுப்போகும்.

அடுத்தது ஃபேன் கவர். விசிறியைச் சுற்றி ரேடியேட்டரோடு இணைந்திருக்கும் வளையத்தைச் சொல்கிறேன். பெல்ட் மாற்றும்போது இடைஞ்சல் என்று கழற்றிப் பட்டறை மூலையில் போட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம். அது இல்லாவிட்டால் விசிறி, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்தில் இருக்கும் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அரைக்கும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் தகரத்தில் ஒன்று செய்து மாட்டுங்கள். விசிறி இலையின் பாதி அகலம் வளையத்துக்குள் இருக்க வேண்டும்.

பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு இறங்கலாம், அதற்கு மேல் தொய்வு கூடாது. ரேடியேட்டரின் முன்பக்கம் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். இனி உள்ளே. இத்தனை நாள் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? கிணறு, போர்வெல் தண்ணீர் என்றால், கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்திருக்கும். வண்டி நன்றாகச் சூடான பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு ரேடியேட்டர் முகத்தில் கையை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சில இடம் சுட்டு, சில இடம் சில்லென்று இருந்தால் அந்த இடம் அடைப்பு. ரேடியேட்டர் கடையில் கொடுத்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பிறகு கலந்தே விற்கும் கூலண்ட் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஒரு சோதனை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீருக்குள் குமிழ் குமிழாக நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட் ஏற்கெனவே போய்விட்டது. அப்போது எந்த விசிறியும் உதவாது.

இதெல்லாம் சரியாக இருந்து, அல்லது சரி செய்த பிறகும், மண்டி வாசலில் வரிசையில் நிற்கும்போதோ ஏற்றத்தின் கடைசி வளைவுகளிலோ முள் மேலே போகிறதென்றால், வாங்கிய விசிறியைத் துணைக்குப் போடலாம். ரேடியேட்டருக்கு முன்பக்கம், கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில். இடம் போதுமா என்று முதலில் அளந்து பாருங்கள்.

வாங்கிய விசிறியை வண்டியில் ஏற்றும் முன் தரையில் சோதியுங்கள். கையால் சுற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும். தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. இலையில் விரிசல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஓடும்போது உடைந்தால் ரேடியேட்டரையே கிழிக்கும். கனமான பலகையில் கட்டி வைத்துவிட்டு பேட்டரியில் நேரடியாகக் கொடுத்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுக்காதீர்கள், கிளம்பும்போது திமிறும். எலெக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் இருந்தால் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த அளவு விசிறி 10 ஆம்பியரை ஒட்டி இழுத்தால் நல்லது. ஓட ஓட ஆம்பியர் ஏறிக்கொண்டே போனால், கருகிய வாசனை வந்தால், மோட்டார் முடியும் நிலையில் இருக்கிறது.

இப்போது திசை. காரில் இது ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கும் விசிறி. நீங்கள் முன்னால் வைக்கப் போகிறீர்கள், அங்கே தள்ள வேண்டும். ஒயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், காற்றும் திரும்பும். ஆனால் இலையின் வளைவு ஒரு பக்கத்துக்கென்று வார்த்தது, அதனால் காற்று பாதியாகக்கூட இறங்கலாம். தண்டு இடம் கொடுத்தால் இலையைக் கழற்றிப் புரட்டி மாட்டி, அதோடு ஒயரையும் மாற்றிக் கொடுப்பதுதான் முறை. கழற்றும்போது நட்டு இறுகிக்கொண்டே போனால் அது இடது மரையாக இருக்கலாம், எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். கடைசியில் ஒரு செய்தித்தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். தாள் உள்ளே இழுபட்டு ஒட்டினால் திசை சரி. வெளியே பறந்தால் உங்கள் இரண்டு விசிறிகளும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்று அர்த்தம்.

ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டை நுழைத்துக் கட்டுவதைப் பல வண்டிகளில் பார்க்கிறேன். மலை ரோட்டு அதிர்வில் அது குழாயை அறுத்துவிடும். ஓர் அங்குலப் பட்டை இரும்பில் இரண்டு கை செய்து, ரேடியேட்டர் சட்டத்தின் போல்ட்டில் பிடியுங்கள். இடையில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வாஷராகப் போடுங்கள். இலைக்கும் ரேடியேட்டருக்கும் குறைந்தது அரை அங்குலம் இடைவெளி இருக்கட்டும்.

வண்டி தீப்பிடிக்கும் ஆபத்து ஒயரிங்கில்தான் இருக்கிறது. டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரடியாக விசிறிக்குக் கரண்ட் கொண்டுபோகாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், சுவிட்ச் உருகும். நான்கு கால் ரிலே ஒன்று, 30 ஆம்பியர், எல்லா ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் எடுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ரிலேயின் 30 எண் காலுக்குக் கொடுங்கள். 87 எண் காலிலிருந்து விசிறிக்கு. விசிறியின் இன்னொரு ஒயரை, பெயின்ட் சுரண்டிய சேசிஸ் இரும்பில் எர்த். 86க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயர். 85ஐ எர்த் செய்தால் ரிலே இழுக்கும். அந்த எர்த்தைத்தான் சுவிட்ச் வழியாகக் கொடுக்க வேண்டும்.

என்ன சுவிட்ச்? சூடு பார்த்துத் தானே போடும் தெர்மோ சுவிட்ச் ஒன்றும், டேஷ்போர்டில் கைச் சுவிட்ச் ஒன்றும், இரண்டில் எது போட்டாலும் ஓடுகிற மாதிரி இணையாகக் கொடுங்கள். தெர்மோ சுவிட்சை ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் உலோகத் துண்டு ஒன்றைச் சேர்த்து அதில் திருகலாம். ஹோஸ் ரப்பர் என்பதால் அந்தத் துண்டுக்கு எர்த் கிடைக்காது. தனியாக ஓர் எர்த் ஒயர் இழுக்காவிட்டால் ஒற்றைக்கால் சுவிட்ச் வேலையே செய்யாது. மாட்டியவர்கள் குழம்பிப்போகும் இடம் இது. சுவிட்ச் எண்ணைத் தெர்மோஸ்டாட்டைவிடப் பத்து டிகிரி கூடுதலாகப் பாருங்கள். உங்கள் தெர்மோஸ்டாட் 82 என்றால் சுவிட்ச் 92. அதைவிடக் குறைத்தால் விசிறி ஓயாமல் ஓடும். 97, 98 போட்டால், மூடி கெட்ட நாளில் சுவிட்ச் விழிக்கும் முன்பே மலையில் தண்ணீர் கொதித்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் இரவு ஏற்றத்தை நினைத்து ஒரு சோதனை. ஹெட்லைட், வைப்பர், விசிறி மூன்றையும் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடி பேட்டரி முனையில் மீட்டர் வையுங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் ஆல்டர்னேட்டர் தாங்குகிறது. 12.5க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைத் தின்கிறீர்கள். ஜீப் பழைய டைனமோ வண்டி என்றால் முதலில் ஆல்டர்னேட்டர் மாற்றிவிட்டுத்தான் விசிறியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேள்வி: நெல் அடிக்கும்போது டிராக்டர் சூடாகிறது. டிராக்டருக்கும் மோட்டார் விசிறி போடலாமா?

பதில்: வேண்டாம். களத்தில் நின்றபடி ஓடும் டிராக்டருக்கு இன்ஜின் விசிறிதான் பலம். அங்கே சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் முகத்தில் படியும் உமியும் சருகும்தான். முன்னால் ஒரு கம்பி வலை இருந்தால் மணிக்கு ஒரு தடவை இன்ஜினை நிறுத்திவிட்டுத் தட்டி எடுங்கள். வலை இல்லாவிட்டால் மாட்டுங்கள். டிராக்டரைக் காற்று வரும் பக்கம் திருப்பி நிறுத்தி, தூசி எதிர்ப்பக்கம் போகும்படி அடிக்கும் இயந்திரத்தை வைத்தாலே பாதி சரியாகும்.

கேள்வி: என் மகன் வழியில் வண்டி கொதித்ததும் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டான். எவ்வளவு நேரம் கழித்துத் திறக்கலாம்? - ஒரு தாய், தர்மபுரி மாவட்டம்

பதில்: ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள் அம்மா. அவசரம் என்றாலும் அரை மணிக்குக் குறைந்து வேண்டாம். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தால் விறைப்பாக இல்லாமல் தளர்ந்திருக்க வேண்டும். திறக்கும்போது தடித்த சாக்கை மடித்து மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் பள்ளம் வரை மட்டும் திருப்பி ஆவி போக விட வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடிக்கும். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லுங்கள். பானட்டைத் திறந்ததும் விசிறிக்குப் பக்கத்தில் கை வைக்க வேண்டாம். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் மோட்டார் விசிறி திடீரென்று சுற்றும்.

சுட்ட இடத்தில் பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தால், அல்லது முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.