முடிக்காமல் விட்ட தகடு

ஒரு கலைஞனுக்குள்ள படைப்பு எப்பிடி நடக்குது எண்டு காட்டுற எட்சிங் ஒன்றைக் கேட்டால், கனபேர் கோயாவைத்தான் சொல்லுவினம். 1799இல் வெளிவந்த 'காப்ரிச்சோஸ்' தொடரின் 43ஆவது படம். மேசையில் தலை கவிழ்ந்து தூங்கும் கலைஞன், பின்னால் ஆந்தைகளும் வௌவால்களும். நல்ல படம்தான். ஆனால் அதில அவன் தூங்குறான். கனவு எங்கேயிருந்து வருகுது எண்டு தெரியுது, கோடு எங்கேயிருந்து வருகுது எண்டு தெரியேல்ல.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 1639 அளவில் றெம்பிராண்ட் செய்த ஓர் எட்சிங். ஓர் ஓவியர் கீழே அமர்ந்து, முதுகைக் காட்டி நிற்கும் நிர்வாணப் பெண்ணைப் பார்த்து வரைகிறார். அவள் கையில் ஓர் ஓலைக்கிளை. படத்தின் மேல்பாதிப் பின்னணி மட்டும் நெருக்கமான கோடுகளால் இருண்டு, முடிந்திருக்கிறது. பெண்ணும் ஓவியரும் வெறும் கோட்டுருவம். கீழ்ப்பக்கம் அவசரக் கிறுக்கல் மாதிரிக் கிடக்குது.

எட்சிங் எண்டால் செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சுப் பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவது. கீறின இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளில் அழுத்தி எடுத்தால் படம் இடம்வலம் மாறி விழும். பூச்சே இல்லாமல் செப்பில நேராகக் கீறுறதும் உண்டு. இந்தப் படத்தின் கோட்டுருவங்களில் அந்தக் கீறல்தான் அதிகம். எந்த வழியில் கீறினாலும், பிழைச்ச கோட்டை அழிப்பது லேசான வேலை இல்லை. தகட்டைச் சுரண்டித் தேய்க்கவேணும்.

அதனாலதான் இந்தப் படம் ஒரு வாக்குமூலம் போல இருக்கு. முதலில் இருட்டைத்தான் போட்டிருக்கிறார். பெண்ணின் உடலைத் தொடாமல், அவளைச் சுற்றியுள்ளதை இருட்டாக்கி, அவளை வெளிச்சமாக விட்டுவைக்கிறார். முடிந்த படம் ஒன்றில் இந்த ஒழுங்கு எங்களுக்குப் பிடிபடாது.

இது மாணவர்களுக்குக் காட்டவே வேண்டுமென்று இப்பிடி விடப்பட்டது எண்டு சொல்லுற ஆய்வாளர்களும் இருக்கினம், கைவிட்ட வேலைதான் எண்டு சொல்லுறவையும் இருக்கினம். எனக்கு இரண்டாவதுதான் நம்பக்கூடியதாக இருக்கு. இதே காட்சிக்கு அவர் வரைந்த பேனாச் சித்திரம் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கு. திட்டம் கையில இருந்தும் தகட்டில் அவர் ஓரிடத்தில் நிண்டுபோனார். ஆனாலும் தகட்டை எறியாமல், அரைகுறையாகவே தாள்களில் அச்சடித்தார். கைவிடுறது ஒரு முடிவு. கைவிட்டதை ஊருக்குக் காட்டுறது வேறொரு முடிவு. அதற்குப் பிறகு முப்பது வருசம் இருந்தார், இதை முடிக்கேல்ல.

இப்ப நாங்களும் 'எப்படி வரைந்தேன்' எண்டு வீடியோ போடுறம். முப்பது செக்கனில் வெள்ளைத்தாள் முழு ஓவியமாகுது. அதில யாரும் எங்கேயும் நிக்கிறேல்ல. தடுமாறின இரண்டு மணித்தியாலத்தை முதலே வெட்டியாச்சு. அது செய்முறை இல்லை, செய்முறைக்குப் போட்ட ஒப்பனை.

றெம்பிராண்டின் படத்தைத் தேடிப் பாருங்கோ. பெண்ணுக்குப் பின்னால், அந்த முடிந்த இருட்டுக்குள்ள, ஒரு ஓவியத் தாங்கி நிற்குது. அதில வைச்சிருக்கிற திரைச்சீலையில ஒரு கோடும் இல்லை.