விழுந்தவங்க எழுந்து வந்து திறக்கணுமா?

சொர்ணவாரி நடவு முடிஞ்சதும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு மகள் வீட்டுக்குப் போறது எங்க வழக்கம். மதுராந்தகத்துல ரயில் ஏறி குரோம்பேட்டையில இறங்கினா, ராஜேந்திர பிரசாத் ரோடு வழியா அஸ்தினாபுரம் கொஞ்ச தூரம்தான். இந்தத் தடவை போன மூணாம் நாள் காலையில அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. வயசு 78.

சத்தம் கேட்டு ஓடினோம். உள்ளே முனகல். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். "ஆயா, தாழ்ப்பாளை எடு ஆயா"ன்னு என் மகள் கத்துறா. தாழ்ப்பாள் இருக்கறது நிக்கறவங்க தோள் உயரத்துல. இடுப்பு ஒடிஞ்சு தரையில கிடக்கறவங்க அதை எப்படி எட்டுவாங்க? வாட்ச்மேன் கடப்பாரை எடுத்துட்டு வந்தார். இடிக்கவும் பயம். கதவு உள்பக்கமா திறக்கற கதவு, அதுக்குப் பின்னாடியே அம்மா கிடக்காங்க. கடைசியில ரெண்டாவது மாடியில அலமாரி வேலை பார்த்துக்கிட்டு இருந்த ஆசாரி வந்து, தாழ்ப்பாள் பக்கத்துல கதவைத் துளைச்சு, கையை விட்டுத் தாழை இழுத்து, அங்குலம் அங்குலமா கதவைத் தள்ளி உள்ளே போனார். 40 நிமிஷம் ஆச்சு.

விழுந்தது விபத்து, ஒத்துக்கறேன். ஈரத் தரை, வயசான கால். ஆனா அந்த 40 நிமிஷம் விபத்து இல்லைங்க. அது யாரோ கடையில வாங்கி, ஸ்க்ரூ போட்டு மாட்டிட்டுப் போனது.

ஆஸ்பத்திரியில பார்க்க வந்தவங்க எல்லாருக்கும் ஒரே புத்திமதி: "வயசானவங்க தாழ்ப்பாளே போடக்கூடாது, சும்மா சாத்திக்கணும்." எனக்கு விழுந்ததை விட இதுதான் ஆத்திரமா வந்துச்சு. எங்கம்மா கல்யாணமாகி வந்த நாள்லேருந்து தென்னங்கீத்துத் தட்டி மறைவுல குளிச்சவங்க. வெளிக்குப் போக இருட்டுற வரைக்கும் காத்திருந்தவங்க. மழைக்காலத்துல வரப்புல பாம்பு பயத்தோட போய் வந்தவங்க. தூய்மை பாரதம் திட்டத்துல 12,000 ரூபாய் வாங்கி, மேல கைக்காசும் போட்டு நான் கழிப்பறை கட்டினப்பதான் அவங்க ஆயுசுல முதல் முதலா உள்ளேருந்து போடற ஒரு தாழ்ப்பாள் கிடைச்சுது. தகரக் கதவுதான். அந்தத் தாழ் விழுற சத்தம் கேட்டாதான் அவங்களுக்கு நிம்மதி. அறுபது வருஷம் கழிச்சுக் கிடைச்சதை "இனிமே போடாதே"ன்னு சொல்ல நாம யாரு?

தாழ்ப்பாளும் வேணும், ஆபத்துன்னா வெளியிலேருந்து திறக்கவும் வேணும். முடியாதுன்னு நினைக்காதீங்க. ரொம்பச் சின்ன விஷயம்.

மகள் வீட்டு பாத்ரூம்ல இருந்தது டவர் போல்ட். ஒரு கம்பி நகர்ந்து நிலையில இருக்கற ஓட்டைக்குள்ள போகும், அவ்வளவுதான். வெளிப்பக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இதுக்குப் பதிலா பேபி லாட்ச்னு ஒண்ணு விக்குது. கதவுக்குள்ளயே புதைஞ்சிருக்கற சின்னத் தாழ். உள்பக்கம் திருகுற குமிழ். அதுல வெளிப்பக்கம் காசு நுழையற அளவுக்குக் கீறல் வெச்ச வகையும் உண்டு. குமிழையும் கீறலையும் சேர்க்கறது ஒரு சதுரக் கம்பி. உள்ளே குமிழைத் திருகினா தாழ் விழும். வெளியே கீறல்ல காசை வெச்சுத் திருகினா அதே கம்பி சுத்தி தாழ் பின்வாங்கும். சிலதுல சிவப்பு, பச்சை அடையாளமும் உண்டு, உள்ளே ஆள் இருக்கான்னு தட்டிக் கேக்க வேண்டியதில்லை.

பெட்ரூமுக்கு வர்ற உருண்டைக் குமிழ்ப் பூட்டு வேற மாதிரி. 1920கள்ல அமெரிக்காவுல வால்டர் ஷ்லேகே கொண்டுவந்த அமைப்புலேருந்து வந்தது. குமிழ் நடுவுல ஒரு பொத்தான். அமுக்கினா வெளிக்குமிழ் திரும்பாது. உள்ளேருந்து குமிழைத் திருகினா பொத்தான் தானா விடுபடும். சாவி இல்லாத வகையில வெளிக்குமிழ் நடுவுல குண்டூசி ஓட்டை மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அது அழகுக்கு இல்லை. கனமான கம்பியை நேரா விட்டு அமுக்கினா பூட்டு விடும். சிலதுல அந்த இடத்துல சின்னப் பள்ளம் இருக்கும், ஸ்க்ரூடிரைவர் வெச்சுத் திருப்பணும். போன வருஷம் என் பேரன் பொத்தானை அமுக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே அழுதான். பூட்டையே ஒடைச்சு எடுத்தாங்க. ஓட்டை எதுக்குன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. வித்தவரும் சொல்லலை, மாட்டினவரும் சொல்லலை.

அறுபது லட்சத்துக்கு வீடு விக்கறாங்க. வாசக்கதவுக்குத் தேக்கு, பித்தளைக் கைப்பிடி, கண்ணாடித் துவாரம். உள்ளே பாத்ரூமுக்கு இருக்கறதுலயே மலிவான கம்பி. காசு வெச்சுத் திறக்கற தாழை நான் முந்நூத்து சொச்சத்துக்கு வாங்கினேன். அந்த முந்நூறைத்தான் மிச்சம் பிடிச்சிருக்காங்க!

கதவு திறக்கற திசையும் அப்படித்தான். தாழை வெளியிலேருந்து எடுத்தாலும், உள்ளே திறக்கற கதவை விழுந்த உடம்பே தடுக்கும். இதெல்லாம் யாருக்கும் தெரியாததும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட வசதி பத்தி 2016லயும் 2021லயும் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள்ல, அவங்களுக்கான கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமா திறக்கணும், இல்லேன்னா பக்கவாட்டுல நகரணும், உள்ளேருந்து பூட்டினாலும் ஆபத்துல வெளியிலேருந்து திறக்க முடியணும்னு எழுதியிருக்கு. விமானத்துல கழிவறைக் கதவைக்கூட பணியாளர்கள் வெளியிலேருந்து திறந்துடலாம். பறக்கறவனுக்கு இருக்கற வசதி அஸ்தினாபுரத்துல குளிக்கற கிழவிக்குக் கிடையாது.

பில்டரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகுது, நம்ம புத்தியும் அப்படித்தான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தச் சாவி இல்லாம அந்தப் பூட்டைத் திறக்க முடியாதுங்கறதுதானே அதுக்குப் பேரு. களத்துமேட்டு அறைக்கு அது சரி. திருடனுக்குப் போடற பூட்டு வேற, "உள்ளே ஆள் இருக்கேன்"னு வீட்டு மனுஷங்களுக்குச் சொல்ற தாழ் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டு, வெளியிலேருந்து திறந்தா அது என்ன தாழ்ப்பாள்னு கேக்கறோம்.

என் மகளே அதைத்தான் கேட்டா. "யாரு வேணா காசை வெச்சுத் திறந்துட்டா என்னப்பா பண்றது?" நியாயமான கேள்வி, சிரிச்சு ஒதுக்கக் கூடாது. முகம் தெரியாத நாலு பேர் பங்குபோட்டுத் தங்கற அறைகள் குரோம்பேட்டைப் பக்கம் எவ்வளவு இருக்கு. அங்க ஒரு பொண்ணு உறுதியான தாழ்ப்பாள்தான் வேணும்னா, அதுதான் சரி. சொந்த வீட்டுலயே பயந்து கதவை மூடிக்கற நிலைமையில இருக்கறவங்களுக்கும் அப்படியே. நான் பேசறது தாத்தா, ஆயா, மூணு வயசுப் புள்ளைங்க இருக்கற சாதாரண வீட்டைப் பத்தி. அங்க காசை எடுத்துட்டு வந்து நின்னு திருகறது தெரியாம நடக்கற காரியம் இல்லை. தட்டாம தள்ளிக்கிட்டு வர்றவனை அந்தத் தாழ் நிறுத்தும். அதுக்குமேல அங்க என்ன காவல் வேணும்?

அம்மா ஆபரேஷன் முடிஞ்சு ஊருக்கு வந்துட்டாங்க. வாக்கர் வெச்சு நடக்கறாங்க. மகள் வீட்டுல தாழை மாத்தியாச்சு. கதவுத் திசையை மாத்த நிலையையே வெட்டணும்னு ஆசாரி சொல்றார், தை மாசம் பார்க்கலாம்னு இருக்கோம். எங்க வீட்டுத் தகரக் கதவுல அந்த லாட்ச் நிக்காது. கதவையே எடுத்துட்டு மரக்கதவு போட்டு, வெளிப்பக்கமா திறக்கற மாதிரி கீல் அடிச்சேன். அம்மா குமிழைத் திருகிப் பார்த்தாங்க. பழைய கம்பி மாதிரி சத்தம் வரலைன்னு குறை. வெளியில நிலைக்கு மேல ஒரு ஆணி அடிச்சு, 2011லயே செல்லாமப் போன நாலணா ஒண்ணை ஓட்டை போட்டுக் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்கேன்.