கடக்வாஸ்லாவில் சிபாரிசு செல்லுமா?

"ஜெனரல் மகன் ஜெனரல் ஆவான், நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?" நம்மவர்கள் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. புனே அருகே கடக்வாஸ்லாவில் 1955 முதல் இயங்கிவரும் தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கு மனுப்போடாமலே நம் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம்.

எண்ணம் வானத்திலிருந்து குதித்ததல்ல. முதல் உலகப் போரின் இறுதியில் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்கு 10 இடங்களை இந்தியருக்கு ஒதுக்கிய வெள்ளையர், தமக்கு வேண்டிய குடும்பத்துப் பிள்ளைகளையே பொறுக்கியெடுத்தனர். 1932-இல் டேராடூனில் ராணுவ அகாதமி திறந்தபோது முதல் அணியின் 40 பேரில் 15 பேர்தான் பொதுப் போட்டித் தேர்வு வழியே வந்தவர்கள்.

இன்றைய முறை வேறு. யூ.பி.எஸ்.சி. நடத்தும் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண். பிறகு ஐந்து நாள் சர்வீஸ் செலக்ஷன் போர்டு, அதற்கும் 900. அங்கே மார்பில் எண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் பையன். உளவியலாளர், குழுப் பணிகளை நடத்தும் அதிகாரி, பேட்டி காணும் அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியே எடைபோட்ட பிறகே ஒன்றாக அமர்கிறார்கள். திரையில் 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. மனதில் பட்டதை எழுத வேண்டும். மாமாவின் கடிதம் அங்கே என்ன செய்யும்? 2014-இல் தரைப்படைத் தளபதியான தல்பீர் சிங் சுஹாக் ஒரு சுபேதார் மேஜரின் மகன். அவரை அடுத்து வந்த பிபின் ராவத் ஒரு லெப்டினன்ட் ஜெனரலின் மகன். இரண்டும் நடந்திருக்கின்றன.

எல்லாம் தூய்மை என்றும் நாம் சொல்லவில்லை. இதே செலக்ஷன் போர்டு வழியான அதிகாரிகள் தேர்வில் லஞ்சம் புகுந்ததாக 2021 மார்ச்சில் ராணுவ அதிகாரிகள் மீதே சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. பேட்டிக்கு முன் நிரப்பும் படிவத்தில் தந்தையின் தொழிலையும் வருமானத்தையும் கேட்கிறார்கள். பையன் வளர்ந்த சூழலை அறியத்தான் என்பது விளக்கம். சரி, ஆனால் அது எப்படிப் பயன்படுகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

குடும்பத் தொடர்பு உண்மையில் வேலை செய்யும் இடம் தேர்வு மண்டபத்துக்கு வெகு முன்னால் இருக்கிறது. சைனிக் பள்ளிகளில் படைவீரர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டு. ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளிகளில் அதிகாரி அல்லாத வீரர்களின் பிள்ளைகளுக்கே 70 சதவீதம். எல்லையில் நிற்பவன் பிள்ளைக்குக் கிடைப்பதை நாம் குறை கூறமாட்டோம். பெரிய அனுகூலம் வேறு. பதினாறரை வயதில் மனுப்போடலாம், பத்தொன்பதரையில் கதவு மூடிவிடும் என்பது கர்னல் வீட்டுப் பையனுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. தாராவிப் பையனுக்கு இதைச் சொல்ல ஆளில்லை. அவன் தெரிந்துகொள்ளும்போது வயது கடந்திருக்கும்.

அடுத்தது மொழி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. மருத்துவக் கல்லூரிக்கான நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். மத்தியக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வையும் 2024 முதல் தமிழில் எழுதலாம். கான்ஸ்டபிளாகத் தமிழ் போதும், அதிகாரியாகப் போதாது என்பது என்ன நியாயம்? கணிதத் தாளையாவது தமிழில் தர வேண்டும் என்று தமிழக எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் வற்புறுத்த வேண்டும்.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. நாட்டின் முதல் சைனிக் பள்ளி, 1961-இல் தொடங்கியது, நம் பக்கத்துச் சதாராவில்தான் இருக்கிறது. அதன் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். பத்தாம் வகுப்பு முடிக்கும் பையன்களை இந்த அகாதமித் தேர்வுக்குத் தயார்செய்ய, முன்னாள் அவுரங்காபாத்தான சத்திரபதி சம்பாஜிநகரில் மராட்டிய அரசே 1977 முதல் ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறது. பெண்களுக்கும் அகாதமித் தேர்வு 2021-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் திறந்துவிட்டது. 2025 மே மாதம் முதல் பெண்கள் அணி பயிற்சி முடித்து வெளியேறியது.

அந்தப் பயிற்சி நிலையத்தில் சேர மராட்டிய இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலரிடம் அது இல்லை. இரண்டு தலைமுறையாக இங்கே வாழ்ந்தும் யாரும் வாங்கி வைக்கவில்லை. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு தாசில்தார் அலுவலகம் சென்று பெற்றோர் அதற்கு மனுக் கொடுத்துவிட வேண்டும்.