கால்கள் இரண்டும் ஒரே நீளந்தானா?

புதுநன்மை விழாவிற்கெனச் சிறுவனுக்குக் காற்சட்டை தைக்கும் தையற்காரர், சில வேளைகளில் ஒரு காலுக்கு அரை அங்குலம் குறைத்துத் தைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாதிருந்துவிடுவார். புளியங்குடி போன்ற ஊர்களில் ஒருவரையொருவர் அறியாதார் இல்லை. பிறர் பிள்ளையின் உடற்குறையை எடுத்துரைக்கத் தயங்குவது இயல்பே. ஆயினும் அவர் சொல்லிவிட்டால் அது பேருதவி.

பெரும்பாலோர்க்கு இரு கால்களும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒரு சென்டிமீட்டருக்குட்பட்ட வேறுபாடு மிகச் சாதாரணம். ஏறத்தாழ இரண்டு வரை உடல் தானே ஈடுசெய்து கொள்கிறது. அதற்கு மேற்பட்டால், இடுப்பு குறுங்காலின் பக்கம் சாய்கிறது. உடல் நிமிர்ந்து நிற்பதற்காக முதுகெலும்பு மறுபக்கம் வளைகிறது. பிள்ளை குறுங்காலின் முன்பாதத்தால் நடக்கும், அல்லது நெடுங்காலின் முழங்காலை மடக்கியே நிற்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இடுப்பிலும் முழங்காலிலும் நோவு காணலாம். அதற்காக, எலுமிச்சைச் சந்தையில் மூட்டை சுமப்போரின் முதுகுவலிக்கெல்லாம் இதுவே காரணம் என்று கூறிவிடலாகாது.

மருத்துவர் அளக்கும் முறை எளியது. இடுப்பின் முன்புறம் துருத்தி நிற்கும் எலும்பு முனையிலிருந்து உட்கணுக்கால் எலும்பு வரை நாடாவால் அளப்பார். பின்னர்க் கொப்பூழிலிருந்தும் அளப்பார். கொப்பூழிலிருந்து அளக்கையில் மட்டும் வேறுபாடு தோன்றினால் எலும்பு குறுகவில்லை, இடுப்பே சாய்ந்துள்ளது என்பது பொருள். நாடா பிழைபடுவதுண்டு. ஆகவே நிற்கவைத்து, குறுங்காலின் கீழ் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இடுப்பு மட்டமானதும் பலகைகளின் உயரத்தைக் கணக்கிடுவர். அறுவை வேண்டுமெனில் எக்ஸ்ரே தேவை. கைக்குழந்தையை மல்லாத்தி, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைச் சேர்த்து ஊன்றச் செய்கையில் ஒரு முழங்கால் தாழ்ந்து தெரிந்தால், இடுப்பு மூட்டு நழுவியிருக்கக்கூடும். அதற்குத் தாமதம் ஆகாது.

முன்னர் இக்குறைக்கு இளம்பிள்ளை வாதமே பெருங்காரணமாயிருந்தது. 2011 சனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமியால் எவரும் பாதிக்கப்படவில்லை. இன்று விபத்துகளே மிகுதியும் அச்சந்தருகின்றன. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் வலக்கால் ஐந்து வயதில் பேருந்தில் நசுங்கி வளர்ச்சி குன்றியது. அவர் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் வென்றதை நாடறியும். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தகடுகள் உள்ளன. காலின் வளர்ச்சியில் மூன்றில் இரு பங்கு முழங்காலை ஒட்டிய தகடுகளிலேயே நிகழ்கிறது. அவ்விடத்தில் முறிவு நேர்ந்தால், எலும்பு கூடிய பின்னரும் பிள்ளையை ஆண்டுதோறும் அளந்து வருதல் நன்று.

இதிலே காலமே முக்கியம். நெடுங்காலின் வளர்ச்சித் தகட்டைச் சிறு அறுவையால் நிறுத்தி வைத்தால், குறுங்கால் வளர்ந்து எட்டிப் பிடித்துவிடும். ஆனால் பெண்பிள்ளைக்கு ஏறத்தாழ 14 வயதிலும் ஆண்பிள்ளைக்கு 16 வயதிலும் கால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பிறகு எஞ்சுவது, சைபீரியாவின் குர்கான் நகரில் மருத்துவர் இலிசரோவ் கண்ட முறை: எலும்பை வெட்டி, வளையச் சட்டம் பூட்டி, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நீட்டுதல். ஐந்து சென்டிமீட்டருக்கு ஐம்பது நாள். எலும்பு முற்ற மேலும் பல மாதம். மகளின் நொண்டல் வெளியே தெரிந்தால் வரன் அமையாதே என்று மறைக்கும் பெற்றோர், எளிய வழி அடைபடும் வரை காத்திருக்கிறார்கள். அப்பெண்ணுக்கு இதனினும் பெருந்தீங்கு வேறென்ன? தென்காசி அரசு மருத்துவமனைக்கு ஒருநாள் போய்வருதல் அரிதன்று.

மிதமான வேறுபாட்டிற்குச் செருப்பின் அடியை உயர்த்தினாலே போதும். உயரத்தை மருத்துவர் குறித்துத் தர, செருப்புத் தைப்பவரே செய்துவிடுவார். பழகிய உடல் ஏற்கும்படி சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். இங்கே நம் பழக்கமொன்று இடையூறாகிறது. வீட்டிலும் ஆலயத்திலும் வெறுங்காலோடு நடக்கிறோம். நாளில் பாதி நேரம் அந்த உயர்வு வாசலிலேயே கிடக்கிறது. வீட்டிற்கும் ஆலயத்திற்குமெனத் தூய இணையொன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். அதை அணிந்து திருப்பலிக்கு வருவோரை எந்தப் பங்கிலும் தடுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறோம்.